மூன்றாவது மாடி மணி

அல்ஷிஃபாவின் முதல் பாட்காஸ்ட் அன்று காலையில் வெளியாகியிருந்தது. மதியம் ஸ்ரீரங்கத்தில் தோழி சுபஸ்ரீயின் வீட்டுக்குப் போய், அவளுடைய பெரிய ஹெட்போனில் அதைக் கேட்கச் சொன்னாள். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். பாதியிலேயே சுபஸ்ரீ ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"பின்னாடி ஒரு மணி அடிக்குதுடி."

அல்ஷிஃபா வாங்கிக் காதில் வைத்தாள். இரண்டு சின்ன அடி, பிறகு ஒரு நீள அடி.

மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் சரக்கு லிஃப்ட் மணி அது. மூட்டை மேலே வருகிறது, விலகிக்கொள்ளுங்கள் என்று கீழே இருப்பவர்கள் கயிற்றை இழுத்து அடிப்பார்கள். அந்த வீதியில் வேறு எந்தக் கடையிலும் அப்படியொரு மணி கிடையாது. பாட்காஸ்டில் பேசியிருந்த பிரான்சி அந்தக் கடையின் சேலைப் பிரிவில் வேலை செய்பவள். நாள் முழுவதும் நின்றே வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசச் சம்மதித்தபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: யார் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும்.

அல்ஷிஃபா பெயரை வெட்டினாள், குரலைத் தடிக்கச் செய்தாள். இடத்தைத்தான் மறந்துபோனாள். நல்ல ஒலிக்கு விலை உயர்ந்த மைக்கைவிட அமைதியான அறைதான் முக்கியம் என்று படித்திருந்தாள். அவள் வீடு இருக்கும் சந்தில் பைக் ஹாரன் ஓய்வதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கடையின் மூன்றாவது மாடி குடோன் காலியாக இருக்கும், சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று சொன்னவள் பிரான்சி. சுற்றிலும் கூரை வரை சேலைக்கட்டுகள். அங்கே பேசினால் ஸ்டுடியோவில் பேசுவது போல இருந்தது. நடுவில் மணி அடித்ததை இருவருமே பொருட்படுத்தவில்லை. தூரத்தில்தானே என்று விட்டுவிட்டார்கள்.

குரல் சீராக இருக்கட்டும் என்று எடிட்டிங் ஆப்பில் ஒரு வசதியைப் போட்டிருந்தாள். அது உரக்க இருப்பதை அடக்கி, மெல்லியதை உயர்த்தும். பிரான்சி பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கிய இடத்தில் உயர்த்துவதற்குக் குரல் இல்லை. மணியை உயர்த்தியிருந்தது. போன் ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டபோது அது யாருக்கும் கேட்கவில்லை.

பாட்காஸ்டை உடனே நீக்கினாள். ஆனால் காலையில் பெருமை தாங்காமல் அந்த ஆடியோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். ஜமால் மாமு அதைக் கடைவீதி வியாபாரிகள் குழுவுக்கு அனுப்பியிருந்தார். பிரான்சியை எச்சரிக்கவும் வழியில்லை. அந்தக் கடையில் வேலைக்கு வருபவர்கள் போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாமுவுக்குப் போன் செய்தாள்.

"வாம்மா. சிவசங்கர் அண்ணன் இங்கதான் இருக்காரு. உன் பேச்சைத்தான் கேக்கப் போறோம்."

சிவசங்கர் அந்த ஜவுளிக்கடையின் முதலாளி. அவள் வேண்டாம் என்று சொல்லும் முன்பே மாமு போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மெயின் கார்டு கேட்டில் இறங்கி, கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்தாள்.

மாமுவின் லுங்கிக் கடையில் மேசை மேல் போன் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு டீ கிளாஸ்களுக்கு நடுவில் பிரான்சியின் தடித்த குரல்: "ஸ்டூல் போட்டிருக்காங்க. யாராச்சும் செக் பண்ண வந்தா காட்டுறதுக்கு. உக்காந்தா மறுநாள் சேலைப் பக்கமே விட மாட்டாங்க."

மணி வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவசங்கர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது, போனது. ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

"தெருச் சத்தத்துல சரியா கேக்கலல்ல?" என்று மாமு டிராயரைத் திறந்து, மகன் சர்ஃபராஸ் துபாயிலிருந்து அனுப்பிய இயர்போனை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுக் கேளுங்க அண்ணே. ரேடியோக்காரங்க தோத்தாங்க."

சிவசங்கர் அதை வாங்கிக்கொண்டார்.

"வேணாம் மாமு," என்றாள் அல்ஷிஃபா. "அது நல்லா வரல. ஒரே இரைச்சல். கத்துக்குட்டி வேலை. குரூப்லேர்ந்து அழிச்சிடுங்க, வேற செஞ்சு அனுப்புறேன்."

மாமுவின் முகம் சுருங்கியது. அத்தனை பேருக்கும் பெருமையடித்துவிட்டேனே என்று முனகினார். ஆனாலும் போனைக் கண்ணருகே பிடித்து, விரலால் தேடித் தேடி, எல்லோருக்கும் போனதை அழித்தார்.

சிவசங்கர் இயர்போனைக் காதில் மாட்டவில்லை. உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா ரெக்கார்ட் பண்ணே?"

"வீட்லதான் சார்."

"இவங்க வீடு சந்துக்குள்ளதானே பாய்?" என்று மாமுவைக் கேட்டார். "ஒரு ஹாரன் சத்தம்கூட இல்ல. சுத்தமா இருக்கு." பாராட்டுவது போலத்தான் சொன்னார். "அடுத்த தடவை நம்ம கடைக்கு வாம்மா. மூணாவது மாடில குடோன் இருக்கு. சுத்தித் துணிக்கட்டு. எதிரொலியே வராது."

மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"லிஃப்ட் மணிய மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

மாமு சிரித்தார், அது என்ன மணி என்று கேட்டார். அல்ஷிஃபா சிவசங்கரின் சட்டைப் பையைப் பார்த்தாள். அவருடைய சொந்த இயர்போனின் வெள்ளை வயர் வெளியே தொங்கியது. காலையிலேயே கேட்டுவிட்டார்.

கடை விட்டதும் பிரான்சியே கூப்பிட்டாள். அல்ஷிஃபா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். பிரான்சி அவளை முடிக்க விடவில்லை.

"வேலைய விட்டு அனுப்பல. குடோன் சாவி உன்கிட்டதானேன்னு மட்டும் கேட்டாங்க. மத்தியானமே என்னை குடோனுக்கு மாத்திட்டாங்க. இனிமே ஸ்டாக் மட்டும்தான். சேலை வித்தா வர்ற கமிஷன் கிடையாது."

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"மாடில சேலைக்கட்டு மேல உக்காந்துக்கலாம்," என்றாள் பிரான்சி. "மத்தியானத்துலேர்ந்து உக்காந்துதான் இருந்தேன். யாரும் ஏன்னு கேக்கல. பேசத்தான் அங்க ஆள் கிடையாது."