இரண்டாவது காவலுக்கு ஒரு வெற்றிலைத் தட்டு

1

என் பெயர் கிரகரி. வயது இருபத்திரண்டு. சிங்கப்பூரில் ஒரு கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, போனிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. கதை குடும்பச் சண்டையிலிருந்து கிடைத்தது. எங்கள் தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில் இருக்கும் ரீட்டா சித்தி ஒரு முடிவு சொல்கிறார். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் இருக்கும் டொனால்ட் மாமா வேறு முடிவு சொல்கிறார். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் நான்தான். முதல் வரைவைச் சித்திக்கு மட்டும் அனுப்பிவிட்டேன்.

2

1943. பனி போர்த்திய தேயிலை மலையில்...

(வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

போனவர்கள் பெரும்பாலும் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து பதினொரு பேரை ஜப்பான்காரர்கள் வெள்ளிக்கிழமை பிடித்துப்போக இருந்தார்கள். புதன் மதியமே அவர்களைக் காட்டுக்குள் அனுப்பிவிடத் திட்டம். கோலா தெர்லாவுக்கு மேலே காட்டுப் பாதையில் இரண்டு காவல். முதலாவது சீனப் போராளிகளுடையது. இரண்டாவது, ஒளிந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. இரண்டும் நம் பக்கம்தான். ஆனால் சொல்லாமல் போனால், உளவாளி என்று இரண்டுமே சுடும்.

எங்கள் குடும்பத்து மூத்தவர் சூசைமுத்து கங்காணி சீனத் தலைவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

"தொரைகிட்ட?" என்றார் மனைவி தெரசம்மாள்.

"சீனத் தலைவரு சொல்லிருவாருலா. கூட்டாளிதானே."

"கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுல சொல்லிவிட்டா ஒங்க அக்கா வருவாங்களா?"

"வராது. ஆனா சுடாது."

"அவங்க பேசுற பேச்சுக்கு, சுட்டாலே தேவல!"

புதன் காலை, கொழுந்துக் கூடைக்குள் வெற்றிலைத் தட்டை மறைத்துக்கொண்டு தெரசம்மாளே மலையேறினார்.

(இவரை ரொம்பத் துணிச்சல்காரி ஆக்குகிறேனோ? இல்லை, பயம்தான். பதினொரு பேரில் அவருடைய தம்பியும் ஒருவர்.)

3

சித்தியின் முடிவு: துரை முறைத்தார். எஸ்டேட் தமிழ் அவருக்கு வரும்.

"எனக்கு ஏன் ரெண்டாவதா சொல்ற?"

"அவங்களுக்கு வாய்ச்சொல்லுதான் தொரை. தட்டு ஒங்களுக்குத்தான்."

துரை வாய் சிவக்க மென்றார். பதினொரு பேரும் பிழைத்தார்கள். (தட்டு விஷயம் தெரிந்து சீனத் தலைவர் கோபித்துக்கொள்ள, மறுநாள் அவருக்கும் ஒரு தட்டு போனதாம்.)

மாமாவின் முடிவு: மழை. பாதை சரிந்து, தெரசம்மாள் சுற்றிப் போனார். ஆட்கள் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு வேட்டு. போர் முடிந்து திரும்பியவர்கள் பத்துப் பேர். தம்பி இல்லை.

மூன்றாவதாக நானே ஒன்று யோசித்தேன், அதில் தம்பி...

(இல்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது.)

4

அந்தத் தம்பியின் பெயர் கிரகரி. அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். செத்தவர் நினைவாக வைத்தார்களா, பிழைத்து வந்தவர் மடியில் போட்டு வைத்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது சித்தியும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டியது.

பிரேக் முடிகிறது. படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இதை அனுப்புவதானால் சித்திக்கும் மாமாவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.