மெசாக்கேயைக் காணவில்லை

புயல் கடந்த மறுநாள், ஒன்றுமே நடக்காதது போல ஃபிஜியின் சூவா துறைமுகத்தில் வெயில் அடித்தது. வெயிலுக்கு என்ன, வெட்கமா மானமா! வானொலி அறையின் ஜன்னலுக்கு வெளியே, தீவுகளுக்குப் போன படகுகளில் ஆள் அனுப்பிய குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. உள்ளே வேலை பார்த்த அசெனாத்தாவும் அவர்களில் ஒருத்திதான். அவள் புருஷன் வாய்சேயா 'ராமராமா' படகில் போயிருந்தான்.

வானொலியில் வரும் தகவலெல்லாம் தட்டச்சாகி ஒரே கோப்பில் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. கண்ணால் படித்து மாளாதென்று காலையில் அவளே கணினிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். முதலில் 'ராமராமா' என்ற பெயரையே அதில் எழுதித் தேடினாள். அதுவரை வந்ததில் இல்லை. பிறகு, எல்லோருக்கும் உதவட்டுமே என்று பெயர் இருந்த இடத்தில், எந்தப் பெயரையும் ஏந்திக்கொள்ளும் ஒரு ஷெல் மாறியை வைத்தாள். யார் எந்தப் படகைக் கேட்டாலும் அந்தப் பெயர் மாறிக்குள் போகும், ஸ்கிரிப்ட் அதைத் தேடும். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் 'இல்லை' என்றே வந்தது.

மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு மெசாக்கே வந்தான். அவளுக்கு அத்தை மகன். ஃபிஜியில் அத்தை மகனும் மாமன் மகளும் சாவு வீட்டில்கூடக் கிண்டலை விடமாட்டார்கள்.

"என்ன மாமன் மகளே, மூஞ்சி இப்படித் தொங்குது? வாய்சேயா வரலேன்னா என்ன, நான் இருக்கேன்ல?"

"செருப்பு பிஞ்சிடும் மச்சான். ஒரு படகும் பேசலை. ஒண்ணுகூட."

"ஒண்ணுகூடவா? நான் வந்த 'வுலா வோவு'? கோரோ தீவைத் தாண்டும்போது நானேதான் மைக்ல பேசினேன். பாட்டுகூடப் பாடினேனே!"

அவள் அந்தப் பெயரை அடித்தாள். இல்லை.

"அப்ப உன் முன்னாடி நின்னு கிழங்கு திங்கிறது யாரு? ஆவியா? ஆவிக்கு இவ்வளவு பசிக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. கரையேறி வந்தவனையே ஸ்கிரிப்ட் காணோம் என்கிறதே! அந்த வரியைத் திறந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். காலையில் பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட்டிருந்தாள். மாறியை வைத்தபோது அதை மாற்றவே இல்லை. ஒற்றை மேற்கோளுக்குள், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் எட்டிப் பார்க்காது. மாறிக்குள் இருந்த படகை விட்டுவிட்டு, மாறியின் பெயரையே இத்தனை நேரமும் தேடியிருக்கிறது. அப்படி ஒரு படகு எந்தக் கடலிலும் கிடையாது.

இரட்டை மேற்கோளாக்கி 'வுலா வோவு'வைத் தேடினாள். வந்தது.

"பாத்தியா, பாடினதையும் எழுதியிருக்காங்க!" என்று குதித்தான் மெசாக்கே.

அடுத்தது 'ராமராமா'. மாறி வைத்த பிறகு வந்த 'இல்லை'யெல்லாம் பொய். இனி வந்தால் அது நிஜம். பயந்து பயந்துதான் அடித்தாள்.

'ராமராமா, மோவாலா தீவு. இன்ஜின் போய்விட்டது. எல்லோரும் கரையில், நலம்.'

அசெனாத்தா வாய்விட்டு அழுதாள். மெசாக்கே அப்போதுதான் வாயை மூடினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"காலையில நான் 'இல்லை'ன்னு சொன்னதை யாரும் நம்பாதீங்க! தப்பு என்னோடது. எல்லாரும் மறுபடி வந்து கேளுங்க!"

யாரும் திட்டவில்லை. காலையில் முதல் ஆளாகக் கேட்டுவிட்டுப் போன பெண் எழுந்து வந்தாள். "'லேவா நி வாய்'மா. என் ரெண்டு பசங்களும் அதுலதான்" என்றாள்.

பெயரை அடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது. அசெனாத்தா திரையை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பினாள். அந்தத் தாய் படித்து முடிக்கும் முன்பே, பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்கள் ஆரவாரம் செய்துவிட்டார்கள்.