போர்ட் பிளேர் போன வாரம்

குவாலியரில் ஒரு ராத்திரி தங்க அறை கிடைக்குமா என்று வள்ளியம்மை மூன்று லாட்ஜுகளுக்குப் போன் செய்தாள். முதல் ஆள் "அகேலீ?" என்று, தனியாகவா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு காதுக்குள் எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டது. இரண்டாவது இடத்தில், கணவரும் கூட வந்தால் தரலாம், தனியாக வரும் லேடீஸுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். தனக்கு அறுபத்தோரு வயது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்வதே அசிங்கம் என்று பட்டது. வைத்துவிட்டாள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். அறை இருக்கிறது, ஆதார் கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றாள்.

வள்ளியம்மைக்கு இது புது ஆசை இல்லை. கல்யாணம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்து முப்பத்தேழு வருஷம். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் குவாலியர் ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். கணவர் தட்சிணாமூர்த்தி இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்துவருவார். அவள் ஜன்னல் வழியாகத் தூரத்து மலைமேல் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் இறங்கிப் பார்க்கலாம் என்று சொன்னால், "இந்த பிளாக்ல ஊருக்குப் போய்ட்டு வந்தாச்சுல்லா, இனி அடுத்த பிளாக்தான்" என்பார். சர்க்கார் ஊழியர் குடும்பத்தோடு பயணம் போய்வர அரசு கொடுக்கும் சலுகைக்கு எல்.டி.சி. என்று பேர். நாலு வருஷம் ஒரு பிளாக். அந்தக் கணக்கெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஜனக்புரி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் அந்த ஒரு கணக்கை மட்டும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அவர் ரிட்டையராகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. இனி பிளாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. தனியாகப் போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவேன் என்று போன வாரம் சொன்னபோது, "போயேன், யாரு வேண்டாம்னா" என்றார். அவர் அதை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஆதார் கார்டு அவரிடம் இருந்தது. பேங்கில் கேட்டார்கள் என்று போன மாதம் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. காலை நடைக்குப் போயிருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். வள்ளியம்மை பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் அவருடைய ஃபைல்கள் வரிசையாக இருந்தன. வீட்டு வரி, பென்ஷன், பேங்க், கனிமொழி படிப்பு என்று எல்லாவற்றுக்கும் உருண்டையான எழுத்தில் தலைப்பு. பேங்க் ஃபைலை உருவியபோது அதற்குக் கீழிருந்த மெல்லிய ஃபைல் ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. உள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே வந்தது. விமானத்தில் ஏறக் கொடுக்கும் போர்டிங் பாஸ். அதில் ஆங்கிலத்தில் வள்ளியம்மை என்று இருந்தது.

வள்ளியம்மை இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபைலில் மூன்று பயணங்கள் இருந்தன. 2011இல் கௌஹாத்தி, 2013இல் ஸ்ரீநகர், 2016இல் போர்ட் பிளேர். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட், போர்டிங் பாஸ், ஆபீசில் கொடுத்த படிவத்தின் நகல். தட்சிணாமூர்த்தி, மனைவி வள்ளியம்மை, மகள் கனிமொழி, வயது இவ்வளவு, மேற்படி நபர்கள் என்னுடன் பயணம் செய்தார்கள் என்று உறுதி கூறுகிறேன். கீழே கையெழுத்து.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை ஊர் பார்த்தவளா நான் என்று நினைத்தாள். பிறகு மூன்றாவது போர்டிங் பாஸில் தேதியைப் பார்த்தாள். மார்ச் பத்து.

அந்தத் தேதியை அவள் மறக்க முடியாது. மார்ச் ஒன்பதாம் தேதி அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சை நேரத்தில் இன்னொரு டீச்சரிடம் அனுப்ப வேண்டியிருந்ததில் அவளுக்குப் பெரிய மனக்குறை. பத்தாம் தேதி காலையில் மயக்கம் தெளிந்து, வயிறு முழுக்கத் தையலோடு, தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடந்தாள். தட்சிணாமூர்த்தி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தார். பத்து நாள் லீவு போட்டிருந்தார். குழைந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டினார். அடுத்த கட்டிலில் இருந்த பஞ்சாபிக்காரி, "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்" என்று கண் கலங்கினாள். முப்பத்தேழு வருஷத்தில் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம் என்று நினைக்கிறபோதெல்லாம், அந்தப் பத்து நாளை எடுத்துத் தராசின் மறுதட்டில் வைத்துத்தான் வள்ளியம்மை மனதைச் சமாதானம் செய்வாள்.

லீவு விண்ணப்பத்தின் நகலும் அதே ஃபைலில் இருந்தது. காரணம்: எல்.டி.சி. பயணம்.

குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள். கொப்பளிக்கக் கொப்பளிக்க அந்த ரசத்தின் புளிப்பு நாக்கிலேயே நின்றது.

எட்டரைக்குத் தட்சிணாமூர்த்தி வந்தார். கைகால் கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். அவள் இட்லியும் பொடியும் வைத்தாள். அவர் இரண்டாவது இட்லியை எண்ணெயில் புரட்டிக்கொண்டிருக்கும்போது ஃபைலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னதுங்க?"

எட்டிப் பார்த்தார். "அச்சா, இதுவா. பழைய காயிதம். இதைப் போயி எதுக்கு நோண்டுத?"

"மேல இருக்கதைப் படிங்க."

எண்ணெய் விரலாலேயே போர்டிங் பாஸை எடுத்தார். அவள் பேர்மேல் எண்ணெய் படிந்து பரவுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பேரு போட்டிருக்கு?"

"உன் பேருதான்."

"தேதி?"

"பத்து, மூணு, ரெண்டாயிரத்துப் பதினாறு."

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில," என்றார். பிறகு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "செக்‌ஷன்ல எல்லாரும் செஞ்சதுதான் வள்ளி. அழகர்சாமி எத்தனை தடவை செஞ்சான் தெரியுமா? ஒரு ஏஜென்ட் இருந்தான். டிக்கெட்டு, பாஸு எல்லாம் அவனே குடுத்துருவான். நாம போகணும்னுகூடக் கிடையாது, டிக்கெட் காசை ஆபீசுல குடுத்துருவான்."

"லீவு?"

"பேப்பர்ல லீவுல இருக்கணும்லா. உனக்கு எப்படியும் ஆபரேஷன். நானும் எப்படியும் லீவு போடணும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

மென்றுகொண்டே சொன்னார். கடைவாயில் மிளகாய்ப்பொடி ஒட்டியிருந்தது. வள்ளியம்மை அந்தச் சிவப்புத் துணுக்கையே பார்த்தாள். இன்னொரு விஷயம் அவளுக்குள் மெதுவாக இடம் பிடித்து உட்கார்ந்தது.

"பிப்ரவரியிலயே ஆபரேஷன் வச்சிரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. தள்ளிப் போடக்கூடாதுன்னாங்க. நீங்கதான் ஆபீசுல பட்ஜெட் நேரம், லீவு தரமாட்டான், மார்ச்சுல வச்சுக்கிடுவோம்னீங்க."

அவர் தண்ணீர் குடித்தார்.

"கேக்கேன்லா."

"ஏஜென்ட்டுக்கு அந்தத் தேதிதான் தோதுப்பட்டுது," என்றார். "ஒரு மாசம்தானே. உனக்கு ஒண்ணும் ஆகலையே."

அந்த ஒரு மாதம் அவள் உதிரப்போக்கோடு நின்றபடி டியூஷன் எடுத்தாள். பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எழுதும்போது சுவரைப் பிடித்தபடி உள்ளே போய் மாற்றிவிட்டு வருவாள். ராத்திரி அவர் அவள் காலை அமுக்கிவிட்டதும் அந்த மாதத்தில்தான்.

தட்டை எடுக்காமல் எழுந்து போனாள். பால்கனியில் வாஷிங் மெஷின் நின்றது. ஆபரேஷன் முடிந்த அந்தக் கோடையில் வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்ததே அவள்தான். குனியக்கூடாதென்று அவராகவே வாங்கிவந்தார் என்று எதிர்வீட்டு ஸ்வப்னாவிடம் பெருமையடித்ததும் அவள்தான். திடீரென்று பணம் ஏது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. அவர்மேல் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு தன் பக்கமாகத் திரும்பியதை அவளால் தடுக்க முடியவில்லை.

மத்தியானம் புனேயில் இருக்கும் மகள் கனிமொழியைக் கூப்பிட்டாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"அம்மா, அப்பா என்ன பேங்க் கொள்ளையா அடிச்சார்? சப் கர்தே ஹைங் யார், எல்லாரும் பண்றதுதான். எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பேரும் இருக்குல்ல அதுல. நான் ட்வெல்த்ல இருந்தேன். யாராச்சும் ஆபீஸ் அங்கிள் கேட்டா ஸ்ரீநகர் போனோம், போட்ல போனோம்னு சொல்லணும்னு அப்பா சொல்லிக் குடுத்தார். உன்கிட்ட சொல்லாத, நீ உளறிடுவேன்னார்." பிறகு, "ஆபரேஷன் டேட் விஷயம் எனக்குத் தெரியாது. அது கந்தா. அது தப்புதான்," என்றாள்.

கந்தா என்றால் அழுக்கு. மகளுக்குத் தமிழில் வேறு சொல் கிடைத்திருக்காது. வள்ளியம்மைக்கும் அதைவிடச் சரியான சொல் தெரியவில்லை.

"இதுக்காகத்தான் நீ தனியா போறியா?"

"இல்ல. அது முன்னமே முடிவு பண்ணினது," என்று போனை வைத்தாள். இந்த வீட்டில், இதே சோபாவில், மகளை உட்காரவைத்து அவர் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்போது தான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நினைக்கவே உடம்பு கூசியது.

அடுத்த பத்து நாளும் அவர் சாப்பிடும் சத்தத்தை அவளால் கேட்க முடியவில்லை. அவருடைய துண்டைத் தொட்டு மடிக்க முடியவில்லை. டியூஷன் அறையில் பாயை விரித்துப் படுத்தாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவர் இன்னும் பேசுவார், பேசினால் இன்னும் ஏதாவது வெளியே வந்து விழும் என்று பயமாக இருந்தது. பேங்க் ஃபைலில் கிடைத்த ஆதார் கார்டைப் போட்டோ எடுத்து லாட்ஜுக்கு அனுப்பினாள். குவாலியருக்கு வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டாள். காலை எட்டு மணி ரயில். மத்தியானம் லாட்ஜ். வெயில் தாழ்ந்ததும் கோட்டை. மறுநாள் காலை பழைய ஊர், சாயங்காலம் திரும்ப ரயில்.

தட்சிணாமூர்த்தி வாசற்படியில் வந்து நின்று யோசனை சொன்னார். கிழக்கு வாசல் வழியாக ஏறினால் மூட்டு வலிக்கும் என்றார். மாத்திரைகளை வேளைவாரியாகச் சின்னக் கவர்களில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த அக்கறையில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆபரேஷன் நேரத்து அந்தப் பத்து நாளும் பொய்யாக இருந்திருக்காது. நிஜமாகவே ஊட்டியிருக்கிறார், நிஜமாகவே பொய்ப் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே கை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, "நானும் வாரேனே. டிக்கெட் இருக்கு, பாத்துட்டேன்," என்றார்.

"வேண்டாம்."

"சரி, இது நீ தனியாப் போ. ஜனவரியில நாம ரெண்டு பேரும் நெசமாவே அந்தமான் போயிருவோம். கணக்கு நேராயிரும்லா?"

"அங்கதான் ஏற்கெனவே போயாச்சே," என்றாள். அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தார். அவள் பேச்சில் இளக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே, பென்ஷன் விஷயம் என்று மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

புறப்பட்ட காலையில் மெட்ரோ வாசல் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் பையை வாங்கும்போது விரல் படாமல் வாங்கினாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்.

"பண்ணமாட்டேன். நாளைக்கு ராத்திரி வந்துருவேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கோட்டையில் நின்றாள். அரண்மனைச் சுவரில் நீல ஓடுகளும், அவற்றின் நடுவே மஞ்சள் வாத்துகளின் வரிசையும் இருந்தன. ரயிலிலிருந்து பார்த்தபோது இதெல்லாம் தெரிந்ததே இல்லை. வெகுநேரம் நின்று பார்த்தாள். காவலாளி வந்து, தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டபோது ஆமாம் என்றாள். அவன் சிரிக்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள் அம்மா என்றுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பழைய ஊரில் ஒரு கடைவாசலில் கூட்டம் நின்றது. கொதிக்கும் எண்ணெயில் பேடயி பொரித்துக்கொண்டிருந்தார்கள். உளுந்து வைத்த உப்பலான பூரி, மேலே சுடச்சுட உருளைக்கிழங்குக் குழம்பு. பத்து நாளாக எதைச் சாப்பிட்டாலும் பாதியில் தட்டை நகர்த்தியவள், இலைத்தொன்னையை வாங்கித் தெருவோரமாக நின்று சாப்பிட்டாள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசித் துண்டையும் தின்றாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. தட்சிணாமூர்த்தி படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஜனவரி பதினெட்டு, டெல்லியிலிருந்து போர்ட் பிளேர், இரண்டு பேர். கீழே, "புக் பண்ணிட்டேன், சந்தோஷமா?" என்று எழுதியிருந்தார்.

அவள் பேரும் வயதும் அதில் சரியாகத்தான் இருந்தன. அவளைக் கேட்கவில்லை.

வள்ளியம்மை போனை அணைத்தாள். பிறகு காலித் தொன்னையைக் கூடையில் போட்டுவிட்டு, "பையா, ஏக் அவுர்," என்று கடைக்காரரிடம் இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.