கடைசி எட்டுப் பக்கம்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பல் டாக்டரம்மா உடனே போகாமல், மேசைப் பக்கத்திலேயே நின்று கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசி எட்டுப் பக்கத்தைக் காணோமாம். லைப்ரரியக்கா வாங்கிப் பார்த்தாள். நூற்று நாலாம் பக்கத்தில், காட்டிலிருந்து வந்த சிறுமி கதவைத் தட்டுகிறாள், அம்மா எழுந்து போகிறாள். அதற்கப்புறம் அட்டைதான். கிழித்த அடையாளம் இல்லை, தையலும் ஒழுங்காக இருந்தது. அச்சகத்திலேயே விட்டிருக்க வேண்டும்.

அவளுக்குக் காது சூடேறியது. காரணம் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. எதிர்ச்சாரி அரங்கில் இரண்டு மாதமாக ஓர் இசை நாடகம் கூட்டம் குறையாமல் நடக்கிறது. காட்டரசி ஒரு சிறுமியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவளைப் போலவே இருக்கும் இன்னொன்றை வீட்டுக்கு அனுப்புகிறாள். கடைசியில் இருவரும் முதுகைக் காட்டி நிற்க, அம்மா காட்டோரம் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். போலி திரும்புவதில்லை, பெற்ற பிள்ளை திரும்புகிறாள், திரை விழுகிறது. பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் பாட்டைப் பாடிக்கொண்டே லைப்ரரிப் படியேறுவதைக் கண்டு, ‘நாடகம் பிடித்ததா? இதையும் படியுங்கள்’ என்று ஓர் அலமாரியையே ஒதுக்கினாள் அக்கா. பன்னிரண்டு புத்தகம். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு. இதில் எழுதியிருந்தது: ‘அதே கதையின் பழைய வடிவம். முடிவு உங்களை அசத்திவிடும்.’

அந்த முடிவைத்தான் அவள் படிக்கவில்லை. முதல் பக்கம், நடுப்பக்கம், பின்னட்டை. இருபது வருடமாக அவள் புத்தகம் படிக்கும் லட்சணம் அதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அதற்கு நியாயம் வேறு வைத்திருந்தாள். மாட்டிக்கொண்டோமே என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். டாக்டரம்மா கையமர்த்தினார்.

“அதுக்கில்லீங்க. முடிவையும் படிச்சிட்டேன்னு எம் பொண்ணு சொல்றா. என்ன முடிவுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா.”

பிள்ளைகள் கதை விடுவது புதிதா என்று அவரைச் சிரித்து அனுப்பி வைத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் போனவர்களின் பெயர் வரிசையாக எழுதிய அட்டையைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். தையற்காரர் வீட்டில், பையன் முடிவு ரொம்ப நல்லா இருந்தது என்றானாம். இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, இப்போதெல்லாம் இரண்டும் சண்டையே போடுவதில்லை, இன்னும் இப்படிப் புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்று நன்றி சொன்னார். முடிவு என்னவென்று எந்த வீட்டிலும் பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

அட்டையில் முதல் வரி மட்டும் பாக்கி. அது அவள் வீடு. அலமாரியில் வைக்கும் முன் எதையும் மகளிடம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம்.

மகளுக்கு வாலு என்று பட்டப்பெயர் வைத்ததே லைப்ரரி ஊழியர்கள்தான். அந்த வாலு மூன்று வாரமாகத் துண்டை மடித்து வைக்கிறாள். பாலை ஏடோடு குடிக்கிறாள். முன்பு ஏட்டைக் கண்டாலே வாந்தி வரும். புத்தகம் படித்தால் பிள்ளை எப்படித் திருந்துகிறது பார் என்று அக்கா ஊரெல்லாம் பெருமை அடித்திருந்தாள். இப்போது அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த வாலு, வழக்கமான குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது. அக்கா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“அந்தக் காட்டுக் கதை எப்படிடா முடியுது?”

வாலு பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மாவின் கன்னத்தைப் பரிவாகத் தடவினாள்.

“அம்மாங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா. அதான் முடிவே.”

அக்காவுக்கு அழுகை வந்தது. குழந்தைக்கு முன்னால் எதற்கு என்று அடக்கிக்கொண்டாள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி இறங்குவதற்குள் வாலு பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்திருந்தாள். எதிரே அரங்கில் பகல் காட்சி முடியும் நேரம். சுவரைத் தாண்டி, அம்மா கூப்பிடும் அந்தப் பாட்டு தெருவரைக்கும் கேட்டது. ஒரு முறை. இரண்டு முறை.

முக்கில் இருந்த விளக்குக் கம்பத்தடியில் வாலு நின்றாள். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பெயர் அக்காவின் தொண்டை வரை வந்தது. பெற்று, குளிப்பாட்டி, ஒன்பது வருடமாக ஆயிரம் தடவை கூப்பிட்ட பெயர். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே கைத்தட்டல் எழுந்தது. சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதை முந்தானையில் சுற்றிப் பிடித்தபடி, அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். கம்பத்தடியில் இரட்டைப் பின்னல் இரண்டும் அசையவில்லை. முதுகைக் காட்டியபடி பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தது.