முன்சீட்டுக்காரர்

எனக்குச் சக்களத்தி கிடையாது. அந்த இடத்தில் மீசை வைத்த ஒரு ஆள் இருக்கிறார். பெயர் ஹரிஹரன்.

என் வீட்டுக்காரர் ஹுசைன் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். பனிமலையில் சிக்கிய சிப்பாய்களைத் தூக்கிவந்து பதக்கம் வாங்கியவர். துணை விமானியாக அவருக்கு இடது சீட்டில் உட்கார்ந்தவர்தான் ஹரிஹரன். இருவரும் ஓய்வுபெற்று, நாங்கள் செங்கல்பட்டிலும் அவர் சிங்கப்பெருமாள் கோயிலிலும் வீடு கட்டிய பிறகும் அந்தச் சீட்டை அவர் விடவில்லை. எங்கள் காரிலும் முன்னால் அவர்தான். கட்டிக்கொண்டவள் பின்சீட்டில், மீன் கூடையோடு.

அதுகூடப் போகட்டும். கொஞ்ச காலமாக ஒவ்வொரு திருப்பத்திலும் "லெஃப்ட் கிளியர் சார்" என்பார். இவரும் "கிளியர்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார். ஹெலிகாப்டரில் அப்படித்தானாம், இடது பக்கத்தை இடது சீட்டுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மாமல்லபுரம் போய் மீன் வாங்கி வர எதற்கு இந்தக் கூத்து? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷர், அவரிடம் மட்டும் வழியெல்லாம் பேசுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரனுக்குக் காய்ச்சல். "இன்னிக்கு வேணாம் ஜஹனாரா, அவன் வரட்டும்" என்றார் இவர்.

"இன்னாங்க, அவரு இல்லன்னா வண்டி ஓடாதா? பொண்டாட்டி நான் ஒருத்தி இல்ல?" என்று பிடிவாதம் பிடித்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஏதோ புதுப்பெண் மாதிரி இருந்தது.

பூஞ்சேரி கூட்டுரோட்டில் இடது பக்கமிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். முன்னால் குழந்தை நின்றிருந்தது. நன்றாகத் தெரிகிற தூரம்தான். இவர் பாட்டுக்கு வண்டியைத் திருப்பினார். நான் அலறியதில்தான் பிரேக் விழுந்தது. அந்தப் பெண் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள்.

ஓரமாக நிறுத்தினார்.

"இன்னா, கண்ணு தெரியலயா?"

"இடது கண்ணுல ஓரம் தெரியல. ஒரு வருஷமா."

"டாக்டர பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. போனது திரும்பாதாம். ஹரிதான் இட்டுனு போனான்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வயிற்றெரிச்சல்தான். "அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"உங்கிட்ட சொன்னா சாவிய வாங்கிடுவ. இத்தயும் வுட்டா ஓட்டறதுக்கு எனக்கு இன்னா கீது?"

"வாங்கத்தான் போறேன். குடுங்க."

கையை நீட்டினேன். இன்ஜினை அணைத்தார். பிறகு சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டார். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அழுதேன்னு ஹரிகிட்ட சொல்லிடாத" என்றார்.

"சொல்ல மாட்டேங்க" என்றேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், கண் மங்கிப்போன மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.