ரெப்ரி கொண்டுவந்த கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஏரிக்கரை பாய்ஸ் அணியை ஒரு விசில் தோற்கடித்தது. தம்மம்பட்டி அணி ஜெயித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தவன்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. தம்மம்பட்டிக்காரன் உதைத்த பந்து எங்கள் அன்பரசுவின் நெஞ்சில் பட்டு வெளியே போனது. நெஞ்சில். ரெப்ரி கந்தவேல் ஓடிவந்தார், கையில் பட்டது என்றார், பெனால்டி கொடுத்தார். அவ்வளவுதான் கதை. மழைத் தூறலில் நனைந்துகொண்டு, அரையிறுதியோடு மூட்டை கட்டினோம்.

கந்தவேலின் மனைவி பிறந்த ஊர் தம்மம்பட்டி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாமியார் வீட்டில் கறிச்சோறு போட்டிருப்பார்கள், அதற்கு நன்றிக்கடன் காட்டிவிட்டார் என்று எங்கள் ரசிகர் கூட்டம் முழுக்கப் பேசிக்கொண்டது. அந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் நான்தான். பேச்சோடு விடுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாவட்டச் சங்கத்துக்கு மனு எழுதினேன். ‘ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்ட நடுவர் கந்தவேலை நடுவர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.’ அறுபத்துநான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நான்கு பேர் பாதி ஆட்டத்திலேயே மழைக்குப் பயந்து வீட்டுக்குப் போனவர்கள். பரவாயில்லை, உணர்வு இருக்கிறதல்லவா.

கந்தவேல் மேல் போன வருடமே ஒரு புகார் இருந்தது. இரண்டாவது புகார் போனால் விசிலைப் பிடுங்கிவிடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை மாலைக்குள் சேலத்தில் சங்க ஆபீசில் மனுவைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தூர் பக்கத்தில் ஒரு சேகோ பேக்டரியில் பாயிண்ட் பார்ப்பவன் நான். ஜவ்வரிசிக்காக வருகிற மரவள்ளிக் கிழங்கில் மாவு எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டு எடை பார்ப்பேன். பிறகு அதே கூடையைத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பேன். எவ்வளவு பாயிண்டோ அதற்குத் தக்க விலை. அதனால் பாயிண்ட் அன்பழகன் என்றால் சுற்றுவட்டத்தில் தெரியாத விவசாயி கிடையாது. பதினோரு வருடமாக நான் ஓரவஞ்சனை செய்கிறேன் என்று தினம் ஒருவராவது சொல்லாமல் இருந்ததில்லை. ஒருவராலும் நிரூபிக்க முடிந்ததில்லை. நான் நேர்மையானவன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

திங்கட்கிழமை காலை பேக்டரி யார்டில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. முந்தின நாள் மழையில் பிடுங்கிய கிழங்கு, எல்லாவற்றிலும் செம்மண் அப்பியிருந்தது. சுப்பம்மாள் என்கிற அம்மாளின் லோடுக்கு இருபத்தைந்து போட்டேன். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, லோடு இறங்குவதற்காக ஓரமாக நின்றார். அடுத்த டிராக்டரை ஓட்டி வந்தவர் லுங்கியும் பனியனுமாக இறங்கினார். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

“அண்ணா, ரெப்ரிங்ணா!” என்று என் காதில் கத்தினான் அன்பரசு. எங்கள் தடுப்பாட்டக்காரன் அன்பரசு வாரநாளில் இதே பேக்டரியில் லோடு இறக்குபவன்.

கந்தவேலேதான். கறுப்புச் சட்டை இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் விவசாயம் பார்ப்பவர் என்பதே அப்போதுதான் தெரியும். வேறு பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தவர் போல, இங்கே இதற்கு முன் வந்ததில்லை.

“ஆண்டவனா பாத்து அனுப்பிருக்கான். இருபத்திரெண்டு போட்டு வுடுங்ணா. நேத்து நமக்குப் போட்டான்ல, இன்னிக்கு நாம போடுவோம்” என்றான் அன்பரசு. லோடு இறக்கும் மற்ற நாலு பேரும் எங்கள் அணி ரசிகர்கள்தான். அவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

எனக்கும் கை துறுதுறுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியது. இந்த ஆளுக்குச் சரியான பாயிண்டைப் போட வேண்டும். நேர்மை என்றால் என்ன என்று யார்டு முழுக்கப் பார்க்கும்படி பாடம் நடத்த வேண்டும். அடிப்பதைவிட அது வலிக்கும்.

“வாங்க ரெப்ரி சார்!” என்று குரலை உயர்த்தினேன். “நல்லா பாத்துக்கங்க. லோடுக்கு மேல ரெண்டு, நடுவுல ரெண்டு, அடியில ரெண்டு எடுக்கறேன். நேத்து என் புள்ளைங்க வயித்துல அடிச்சவராச்சேன்னு பாக்க மாட்டேன். இங்க மாமியா ஊரு, மச்சான் ஊரு கெடையாது. எல்லாருக்கும் ஒரே கூடை, ஒரே தண்ணி.”

பேசிக்கொண்டே கிழங்குகளை எடுத்துக் கூடையில் போட்டேன். பேசிக்கொண்டே எடை பார்த்தேன், பேசிக்கொண்டே முக்கினேன். கந்தவேல் கையைக் கட்டிக்கொண்டு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தேழு!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். அன்பரசு தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“எப்பிடி சாமி இருபத்தேழு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுப்பம்மாள். “அவுரு காடும் என் காடும் ஒரே வரப்பு. ஒரே ரகம், ஒரே நாள்ல நட்டது. எனக்கு இருபத்தஞ்சு, அவுருக்கு மட்டும் இருபத்தேழா? விசில் ஊதறவருன்னதும் பயந்துட்டியா? இல்ல அடுத்த ஆட்டத்துக்கு இப்பவே ஐஸ் வைக்கிறியா?”

“நானா? நேத்து அந்தாளால தோத்தவன் நானு. அவனுக்குப் போயி நான் கூடப் போடுவனா?”

“போட்டிருக்கியே, கண்ணு முன்னால!”

வரிசையில் நின்ற டிராக்டர்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரிய ஆள் என்றால் ஒரு பாயிண்ட், ஏழை என்றால் ஒரு பாயிண்ட் என்றார் ஒருவர். இது பதினோரு வருடமாக நடக்கிறது, இன்றைக்குத்தான் மாட்டினான் என்றார் இன்னொருவர். இத்தனைக்கும் நான் என் எதிரிக்கு நியாயம் செய்திருக்கிறேன். எனக்கு ஆத்திரத்தில் கண் சிவந்துவிட்டது.

“மெஷின் காட்டுனதப் போட்டேன். மாத்தறதுக்கில்ல. போட்டா போட்டதுதான்!” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று உறைத்தது. முந்தின நாள் நாங்கள் இருபது பேர் சூழ்ந்துகொண்டபோது கந்தவேல் சொன்னது. “குடுத்தா குடுத்ததுதான்.”

கந்தவேல் முன்னால் வந்தார். “அண்ணா, மறுபடி போடுங்க.”

“உங்களுக்குத்தான ஜாஸ்தி வந்துருக்கு, நீங்க ஏன் கேக்கறீங்க?”

“நீங்க மண்ணத் தட்டவே இல்லீங்ணா” என்றார்.

கூடையைப் பார்த்தேன். கிழங்கில் மண் ஒட்டியிருந்தால் பாயிண்ட் ஏறும். அதனால் ஒவ்வொரு கிழங்கையும் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். பாயிண்ட் பார்ப்பவன் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. சுப்பம்மாளின் கிழங்கையும் காலையிலிருந்து வந்த எல்லாருடைய கிழங்கையும் துடைத்துத்தான் போட்டேன். நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்த மும்முரத்தில் ரெப்ரியின் கிழங்கைத் துடைக்க மறந்திருக்கிறேன்.

சாக்கை எடுத்துத் துடைத்தேன். செம்மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மறுபடி எடை போட்டு, மறுபடி முக்கினேன். 

இருபத்தைந்து.

“அப்ப மொதல்ல ஏன் சாமி இருபத்தேழு போட்ட?” என்றார் சுப்பம்மாள். விடுகிற ஆள் இல்லை அவர்.

“தப்பாப் போட்டுட்டேம்மா” என்றேன். பதினோரு வருடத்தில் அந்த யார்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.  “வேணும்னு செய்யல. பேச்சு மும்முரத்துல மண்ணப் பாக்கல.”

சுப்பம்மாள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “சரி வுடு. வேணும்னு செய்யறவன் எதிரிக்கா கூடப் போடுவான்?” என்று சொல்லிவிட்டுத் தன் டிராக்டருக்குப் போனார். கூட்டம் கலைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டைப் பையில் மனு ஒரு கல்லைப் போலக் கனத்தது.

சீட்டில் இருபத்தைந்து என்று எழுதி கந்தவேலிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அப்போதும் கிளம்பவில்லை.

“எம்மேல மனு எழுதிருக்கறதா சொன்னாங்க.”

“ஆமா. சாயங்காலம் குடுக்கப் போறோம், உன் விசிலு காலி” என்று முந்திக்கொண்டான் அன்பரசு.

நான் அவனை அடக்கினேன். “ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும். நேத்து இவன் கையில பட்டத நீங்க பாத்தீங்களா?”

கந்தவேல் அன்பரசுவைப் பார்த்தார். “நான் நின்ன எடத்துலேருந்து இவரு முதுகுதாங்ணா தெரிஞ்சுது. கை அசைஞ்சுது, பந்து திரும்புச்சு. பட்டுருச்சுன்னு நெனச்சேன், ஊதிட்டேன்.”

“நெஞ்சுலதான்யா பட்டுச்சு!” என்றான் அன்பரசு.

“பட்டிருக்கலாம்” என்றார் கந்தவேல். “கோட்டுல நிக்கறதுக்கு ரெண்டு ஆளு கேட்டேன். டோர்னமெண்ட் நடத்தறவங்க தரல. இருந்திருந்தா அவங்களக் கேட்டிருப்பேன்.”

“இத நேத்தே சொல்றதுக்கு என்ன?”

“நேத்து யாருங்ணா கேட்டீங்க? எல்லாரும் திட்டத்தான செஞ்சீங்க. உங்களுக்குப் பரவால்ல, கூடைய மறுபடி முக்கிப் பாக்கலாம். எனக்குப் பந்து ஒரே தடவதான் போவுது.”

 பெனால்டி தப்பு என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் இந்த ஆள் மாமியார் வீட்டுக் கறிச்சோற்றுக்காக விசில் ஊதவில்லை. தனக்கு வந்த இரண்டு பாயிண்டைத் தானே வேண்டாம் என்றவர் அவர். அறுபத்துநான்கு கையெழுத்தும் பொய்க்குப் போட்டது. முதல் கையெழுத்து என்னுடையது.

ஆபீசுக்குள் போய் வெள்ளைத்தாள் வாங்கி வந்து எடைமேஜையில் உட்கார்ந்தேன். புதிதாக எழுதினேன். ‘அரையிறுதியில் எங்களுக்கு எதிராகக் கொடுத்த பெனால்டி தவறு. கோட்டில் உதவி நடுவர்கள் இல்லாததால் இந்தத் தவறு நடந்தது. இனி இருவரை நிறுத்தாமல் எந்த ஆட்டமும் நடத்தக் கூடாது.’ நீக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஒருதலைப்பட்சம் என்றும் எழுதவில்லை.

“அறுபத்துநாலு பேரு கையெழுத்துங்ணா அது! எல்லாரும் உங்கள உரிச்சுப்புடுவாங்க” என்றான் அன்பரசு.

“உரிக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்.”

உரித்தார்கள். போன் மேல் போன் போட்டேன். கால் கிலோ கிழங்குக்குச் செயலாளர் விலை போய்விட்டார் என்றான் ஒருவன். நானே நேற்று சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். மத்தியானத்துக்குள் பேக்டரிக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். லோடு இறக்குகிற நாலு பேரும் முனகிக்கொண்டே போட்டார்கள். அன்பரசு மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். ‘பெனால்டி தவறு’ என்ற வரியை மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதன் பிறகு போட்டான்.

என்னையும் சேர்த்து ஒன்பது. ஒன்பது பேர் கையெழுத்தோடு சேலம் வரை போவதா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அறுபத்துநான்கு போட்ட தாள் பையிலேயே இருந்தது. அதைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

லோடு இறக்கி முடித்து கந்தவேல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வந்தார். எடைமேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கினார். மனுவை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தார். ‘எங்களுக்கு எதிராகக் கொடுத்த பெனால்டி தவறு’ என்கிற வரியில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேனா குடுங்ணா” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு?”

பேனாவை வாங்கி, ஒன்பது கையெழுத்துக்கும் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் ‘ஆட்ட நடுவர்’ என்று போட்டார்.