திருப்பிப் போட்ட கோட்டு

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் ஆடு மேய்க்கிறவன் வழி தவறுவதில்லை. வழி தவறுவது வெளியூர்க்காரர்களின் வேலை. எங்களை மேட்டில் திரியும் குட்டிப் பேயான குறளிதான் திசைமாற்றி விடும். அதற்கும் மருந்து உண்டு: கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டால் பாதை தெரிந்துவிடும்.

மே மாதத்து மூடுபனி ஒன்றில் நானும் அப்படித் திருப்பிப் போட்டுக்கொண்டு, கைக்குத் தட்டுப்பட்ட கல்வட்டத்துக்குள் நுழைந்தேன். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ குடியிருந்த வீடு. கூரை போய், இடுப்பளவு சுவர்தான் மிச்சம். உள்ளே என் அண்ணன் அம்புரோஸ் உட்கார்ந்திருந்தான். அவன் கோட்டும் திருப்பித்தான் போட்டிருந்தது.

எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம். இந்த வீட்டு வாசலில் நின்ற இரண்டு கல்லில் ஒன்றைப் பிடுங்கிப் போய்த் தன் ஆட்டுப்பட்டிக்குக் கதவுத்தூணாக நட்டுக்கொண்டான். செத்தவன் வீட்டில் திருடியவன் என்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் சனிக்கிழமை என் மகள் லொவீனாவுக்குக் கல்யாணம். பெரியப்பா வராமல் சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

கல் இல்லாத பக்கமாகக் காற்று வந்து இருவரையும் அறைந்தது.

“காத்து நல்லா வருதுல்ல?” என்றேன்.

“வாசல்னா காத்து வரத்தான்டா செய்யும்.”

“ரெண்டு கல்லும் இருந்தப்ப இவ்வளவு வரல.”

“ஆமா, நீ அப்பக் குடியிருந்த பாரு.”

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“சனிக்கிழமை கல்யாணம்ணே. புள்ள உன்னயேதான் கேட்டுக்கிட்டிருக்கா.”

“திருட்டுப் பய எதுக்குடா சர்ச்சுக்கு?”

பனி விலகியது. எழுந்து கோட்டை நேராகப் போட்டுக்கொண்டான். “நீ என்னப் பாக்கல,” என்றான்.

“நீயும் என்னப் பாக்கல.”

ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம்.

சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. லொவீனா சர்ச் வாசலில் நின்றவள் நகரவில்லை. உள்ளே பாதிரியார் மூன்றாவது தடவையாக இருமினார். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன்.

அப்போது அம்புரோஸ் வந்து சேர்ந்தான். சர்ச்சுக்கென்றே வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கிழிந்த உள்துணி வெளியே தொங்கத் திருப்பிப் போட்டிருந்தது. உள்ளே இருந்த ஊரே எட்டிப் பார்த்தது.

“என்னண்ணே இது?”

“பட்டிக்குத்தான்டா கெளம்பினேன். குறளி இங்க கொண்டாந்து விட்டுருச்சு.”

லொவீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அந்தக் கல் இன்றைக்கும் அவன் பட்டியில்தான் நிற்கிறது.

“இன்னைக்குப் பனி கொஞ்சம் அதிகந்தாண்ணே,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.